ஆளில்லாத நிலத்தின் காற்று

ஹூரென் கணவாய், தென் கோபி
2012 ஆகஸ்ட் 19

செவெல்மா,

ஆடுகள் கொழுத்திருக்கின்றன. ஒட்டகங்கள் நலம். உன் அண்ணி தொல்கோருக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. நல்ல செய்தி இத்தோடு முடிந்தது.

போன வாரம் ஜீப்பில் சிலர் வந்தார்கள். வழி தவறியவர்கள் என்று நினைத்து உள்ளே கூப்பிட்டுத் தேநீர் கொடுத்தேன். குடித்து முடித்து, நம் குளிர்காலத் தொழுவத்துக்கு மேலே இருக்கும் மேட்டைக் காட்டினார்கள். அங்கே உயரமாக ஓர் இரும்புக் கம்பம் நடப்போகிறார்களாம். காற்றை அளக்க.

"காத்தை அளந்து என்ன பண்ணப் போறீங்க?"

"கரண்டு எடுக்கப் போறோம்ண்ணே. கொரியாக்காரங்க பணம் போட வர்றாங்க."

"இம்மாம்பெரிய கோபியில இந்த மேடுதான் கிடைச்சுதா? யாரு காட்டினது?"

"எங்க கம்பெனியில செவெல்மான்னு ஒரு அக்கா. இங்கதான் பொறந்து வளர்ந்தாங்களாம். இந்தக் கணவாயில காத்து நின்னதே கிடையாதுன்னு அடிச்சுச் சொன்னாங்க."

கெட்டில் கையிலிருந்து நழுவித் தேநீர் முழுக்கத் தரையில் கொட்டியது. தொல்கோர் என் முகத்தைப் பார்த்துவிட்டு அவர்களிடம் பேச்சை மாற்றினாள். இன்னொருவன் வாயால் இதைக் கேட்டேன் பார், அதுதான் எனக்கு ஆறவில்லை. ஒரு வரி எழுதியிருக்கக் கூடாதா?

எதிர்ச் சரிவில் இருக்கும் சொத்னோமுக்குக் கம்பத்தைக் காவல் காக்கும் வேலை கொடுத்துவிட்டார்கள். அவன் கால் தரையில் இல்லை. "நேத்து வரைக்கும் நான் ஒட்டகத்துக்குப் பின்னாடி நடந்தவன். இனிமே காத்துக்கு அதிகாரி. மரியாதையாப் பேசு" என்கிறான்.

இங்கே போன் எடுக்காது. எடுத்தாலும் உன்னோடு பேசப்போவதில்லை, நீ குறுக்கே பேசுவாய். எழுது. சந்தை வண்டிக்காரர் புரேவ் கொண்டுவந்து கொடுப்பார்.

யோந்தோன்

*

உலான்பாத்தர்
2012 செப்டம்பர் 10

அன்புள்ள அண்ணா,

உங்கள் கடிதத்தை அலுவலகப் படிக்கட்டில் நின்றபடியே படித்தேன். மேலே ஏறவும் முடியவில்லை, இறங்கவும் முடியவில்லை. சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் வேண்டாம் என்பீர்கள், நீங்கள் வேண்டாம் என்ற பிறகு என்னால் செய்ய முடியாது. அதனால்தான் சொல்லவில்லை.

அக்டோபர் பிறந்தால் இந்த நகரத்தில் எதிர்வீடு தெரியாது, அண்ணா. எல்லாம் கரிப்புகை. போன குளிர்காலம் முழுக்க அனுஜினை மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டுதான் தூங்கினேன். படுக்க வைத்தால் குழந்தைக்கு மூச்சு வாங்கும். இவ்வளவு கரியை எரித்தும் போதாமல் பக்கத்து நாடுகளிடம் மின்சாரம் வாங்குகிறோம். கோபியில் வருடம் முழுக்க வெயில், நிற்காத காற்று. அதில் முதலீடு செய்யத்தான் வெளிநாட்டுக்காரர்கள் இப்போது கதவைத் தட்டுகிறார்கள். காற்று எங்கே நன்றாக வீசும் என்று எங்கள் இயக்குநர் எர்தெனே கேட்டபோது நான் எதையும் புரட்டிப் பார்க்கவில்லை. நாம் பள்ளிக்கூடம் போகும்போது காற்றின் மேல் சாய்ந்துகொண்டே நடப்போமே, அது திடீரென்று விலகினால் குப்புற விழுவோமே, அதைத்தான் நினைத்தேன்.

யாரையும் கிளப்ப மாட்டார்கள். காற்றாலைகள் மேட்டில் நிற்கும், ஆடுகள் கீழே மேயும். கணவாயில் யார் யார் எங்கே இருக்கிறார்கள் என்று ஒவ்வொரு குடும்பமாக என் அறிக்கையில் எழுதியிருக்கிறேன். இலையுதிர் காலத்தில் கொரியாவிலிருந்து முதலீட்டுக்காரர்கள் வருவார்கள். எனக்காக ஓர் ஆட்டை அடித்துச் சாப்பாடு போடுங்கள். கோபத்தை என்மேல் வையுங்கள், விருந்தாளிகள்மேல் வேண்டாம்.

செவெல்மா

*

ஹூரென் கணவாய்
2012 நவம்பர் 3

செவெல்மா,

வந்தார்கள். ஆட்டை அடித்தேன்.

கொரியாக்காரர்களுக்குத் தலைவி ஒரு குட்டையான அம்மாள். மிக்யோங் என்று பெயர். ஒட்டகப் பாலைக் கொடுத்தேன், முகம் சுளிக்காமல் குடித்துவிட்டுக் கிண்ணத்தை மறுபடி நீட்டினாள். உன் எர்தெனே வாயில் வைத்ததும் கீழே வைத்துவிட்டான். இத்தனைக்கும் அவன் நம் நாட்டுக்காரன்.

அன்றைக்குக் காற்று செத்துவிட்டது! எனக்கு நினைவு தெரிந்து அப்படி ஒரு நாள் இல்லை. கம்பத்து உச்சியில் இருக்கும் கிண்ணங்கள் அசையவே இல்லை. எல்லோரும் அண்ணாந்து நிற்கிறார்கள். எர்தெனேவுக்கு நவம்பர் குளிரில் வியர்க்கிறது. சொத்னோம் விடுவானா? காற்றைக் கூப்பிடுகிறேன் என்று கம்பத்தடியில் நின்று சீட்டியடிக்க ஆரம்பித்தான்.

"என்ன அதிகாரி, உன் ஆளு சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குதே?" என்றேன்.

"பெரிய மனுஷங்களைப் பாத்து வெக்கப்படுது. கொஞ்சம் பொறு."

அந்த அம்மாளுக்கு இதை மொழிபெயர்த்துச் சொன்னதும் அவள் சிரித்த சிரிப்பில் ஒட்டகங்கள் திரும்பிப் பார்த்தன. நானும் சிரித்தேன். ஒரு நிமிடம், செவெல்மா, ஒரே ஒரு நிமிடம், நடந்துவிட்டுத்தான் போகட்டுமே என்று நினைத்தேன்.

பிறகு மேசையில் வரைபடத்தை விரித்தார்கள். நான் கிண்ணங்களில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். மேடு இருந்தது, கிணறு இருந்தது, பழைய லாரித் தடம்கூட இருந்தது. நம் தொழுவம் இல்லை. சொத்னோமின் இடம் இல்லை. ஒருவர் இடமும் இல்லை. "இங்க ஆளுங்க இருக்காங்களா?" என்று அந்த அம்மாள் கேட்டதாக மொழிபெயர்ப்பாளன் சொன்னான். எர்தெனே என் கையிலிருந்து கிண்ணத்தை வாங்கிக்கொண்டே பதில் சொன்னான்: "நிரந்தரமா யாரும் கிடையாது. இவங்கல்லாம் வந்து போறவங்க. இது ஆளில்லாத நிலம்."

என் கையிலிருந்து வாங்கிக்கொண்டே! அந்த ஆட்டின் கறி அவன் பல்லிடுக்கில் இருக்கும்போதே!

நீ பிறந்தது இந்தத் தொழுவத்துக்குப் பக்கத்தில். அறிக்கையில் எழுதியதாகச் சொன்னாயே, எங்கே எழுதினாய்?

யோந்தோன்

*

உலான்பாத்தர்
2012 டிசம்பர் 6

அன்புள்ள அண்ணா,

நான் எழுதியிருந்தேன். அனுஜின் தலைமேல் சத்தியம். எர்தெனே அந்தப் பக்கத்தையே எடுத்துவிட்டிருக்கிறார். நேராகப் போய்க் கேட்டேன்.

"ஏன் எடுத்தீங்க?"

"நாலு காலத்துக்கு நாலு இடம் மாறுறவங்களை எந்த இடத்துல காட்டச் சொல்றே? ஆளுங்க இருக்காங்கன்னு போட்டா ஒவ்வொருத்தர்கிட்டயும் சம்மதம் வாங்கச் சொல்வாங்க. ஒரு வருஷம் ஓடிடும். அதுக்குள்ள அந்தம்மா வேற நாட்டுக்குப் போயிடுவாங்க. ஒப்பந்தம் ஆகட்டும், அப்புறம் சேத்துக்கலாம். உன் ஊருக்கு நல்லது நடக்கணுமா வேணாமா?"

அறிக்கையை அவர் மேசையிலேயே போட்டுவிட்டு வந்தேன். ஆனால் அண்ணா, அவர் சொன்னதில் பாதி உண்மை. இந்த அம்மாள் போய்விட்டால் இன்னொருவர் வர எத்தனை காலம் ஆகுமோ. இன்று காலை அனுஜினை மறுபடி மருத்துவமனையில் சேர்த்திருக்கிறோம். வராந்தாவிலும் கட்டில் போட்டிருக்கிறார்கள், எல்லாம் குழந்தைகள்.

வசந்தம் வரை பொறுத்துக்கொள்ளுங்கள். கொரியாக்காரர்களிடமோ வட்ட அலுவலகத்திலோ எதுவும் பேச வேண்டாம். கையெழுத்து ஆன மறுநாளே உங்கள் எல்லோரையும் சேர்க்க வைப்பது என் பொறுப்பு. இதை எழுதும்போது எனக்கே நன்றாக இல்லை. ஆனாலும் கேட்கிறேன்.

செவெல்மா

*

ஹூரென் கணவாய்
2013 ஏப்ரல் 21

உன் டிசம்பர் கடிதத்துக்கு நான் பதில் எழுதவில்லை. இனி எழுதுவதில்லை என்றுதான் இருந்தேன். இப்போது எழுதாமல் முடியாது.

நம் எதிர்ச் சரிவுக்காரன் போய்விட்டான். போனவனின் பெயரைச் சொல்லக் கூடாது என்பது உனக்குத் தெரியும். யாரைச் சொல்கிறேன் என்பதும் தெரியும்.

புழுதியும் பனியும் கலந்து பெரிய புயல் வருகிறது என்று வானொலியில் சொன்னார்கள். காலையிலேயே மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கம்பத்தடிக்குப் போனேன். தகரக் கொட்டகைக்குள் உட்கார்ந்திருந்தான்.

"கிளம்புடா. வடக்கே பாரு, வானம் செவந்து கெடக்கு."

"போக முடியாதுண்ணே. போன மாசம் பேட்டரி களவு போச்சில்ல? கம்பத்தை விட்டு நகந்தா வேலை போயிடும்னு ஆள் விட்டுச் சொல்லியிருக்காங்க."

"இந்தப் புயல்ல எந்தத் திருடன்டா வருவான்?"

"திருடன் வரமாட்டான். காத்து வருதே! அதிகாரி இல்லாம அது வந்து என்ன பண்ணும்?"

சிரித்தான். நான் திட்டினேன். கழுத்தைப் பிடித்து இழுத்து வண்டியில் ஏற்றியிருக்கலாம். வெளியில் நிற்கும் ஆடுகளை ஒதுக்க வேண்டும் என்று திரும்பிவிட்டேன். தொழுவத்தை எட்டுவதற்குள் என் கையே எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் மதியம் தெளிந்தது. மேட்டைப் பார்த்தேன். கம்பம் இல்லை. முறிந்து சரிவில் கிடந்தது. கொட்டகையின் கூரையைக் காணோம். அவன் மனைவி ஹந்தாதான் முதலில் கண்டுபிடித்தாள், ஓடைப் பள்ளத்தில், அவர்கள் கெர் கூடாரம் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில். சுருண்டு கிடந்தான். நிமிர்த்த முடியவில்லை. தேல் அங்கிக்குள் எதையோ கட்டிப்பிடித்திருந்தான். பிரித்து எடுத்தோம். காற்றைப் பதிகிற அந்தப் பெட்டி. கம்பம் விழுந்தபின் அதைக் கழற்றிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பியிருக்கிறான்.

கம்பெனியிலிருந்து ஒருவன் வந்தான். ஜீப்பிலிருந்து இறங்கும்போதே கேட்டான்: "பெட்டி பத்திரமா இருக்கா?"

செவெல்மா, அவன் முதலில் கேட்டது அதைத்தான். ஹந்தா உள்ளே போய் எடுத்து வந்து, இரண்டு கையாலும் கொடுத்தாள். அவள் அழவில்லை. ஜீப் போன பிறகும் அந்தத் திசையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். கூப்பிட்டும் திரும்பவில்லை.

வட்ட அலுவலகத்துக்குப் போனேன். கம்பெனி என்ன எழுதிக் கொடுத்திருக்கிறது தெரியுமா? கம்பம் ஆளில்லாத நிலத்தில் இருந்தது, காவலுக்கு யாரையும் வைக்கவில்லை என்று.

ஆளே இல்லாத இடத்தில் செத்தது யார்?

யோந்தோன்

*

உலான்பாத்தர்
2013 மே 14

அண்ணா,

உங்கள் கடிதம் வந்து இரண்டு வாரமாகிறது. தினமும் எழுத உட்கார்ந்து எழுந்துவிடுகிறேன்.

எனக்கு யாரும் சொல்லவில்லை. புயலில் கம்பம் சேதம் என்று மட்டும் சொன்னார்கள். அதைக் கேட்டுவிட்டு நான் மதியச் சாப்பாடு சாப்பிட்டேன், அண்ணா. பள்ளிக்கூடத்துக்கு என் பையைத் தூக்கிக்கொண்டு வந்தவன் அவன்.

நாளை இங்கே பெரிய முதலீட்டு மாநாடு. பல நாட்டுக்காரர்கள் வருகிறார்கள். ஹூரென் கணவாய் பற்றி மேடையில் பேசப்போவது நான். அதற்காக அந்தப் பெட்டியில் பதிந்திருந்ததை என் மேசைக்கு அனுப்பினார்கள். திரையில் போட்டுப் பார்த்தேன். நல்ல காற்று. நாங்கள் எதிர்பார்த்ததைவிட நல்ல காற்று. கோடு குளிர்காலம் முழுக்க ஏறி இறங்கிப் போகிறது. ஏப்ரலில் ஓரிடத்தில் செங்குத்தாக ஏறுகிறது. எல்லாவற்றையும் விட உயரத்துக்குப் போய் அங்கேயே அறுந்துவிடுகிறது. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை.

எர்தெனே பின்னால் வந்து நின்றார்.

"அந்தக் கடைசித் துண்டை வெட்டிடு. கம்பம் முறிஞ்சுதுன்னு தெரிஞ்சா பயந்துடுவாங்க. மார்ச்சோட அளவெடுப்பு முடிஞ்சுதுன்னு சொல்லு."

"அன்னிக்கு ஒருத்தர் செத்திருக்காரு."

"நம்ம ஆள் இல்லை அவன்."

"பின்ன அந்தப் பெட்டி எப்படி நம்ம கைக்கு வந்துச்சு?"

என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். அந்தத் தட்டலில் அன்புதான் இருந்தது, அதுதான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. அவருக்கு உண்மையிலேயே எதுவும் தப்பாகத் தெரியவில்லை.

நான் பேசினால் கணவாய்க்குக் காற்றாலை வராது. வேலையும் போகும். இன்னொரு குளிர்காலம் இதே புகையில். பேசாமலிருந்தால் என்ன ஆகும் என்று யோசிக்கிறேன், அந்த யோசனை முடியமாட்டேன் என்கிறது. ஹந்தாவிடம் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. நீங்களும் எதுவும் சொல்ல வேண்டாம்.

செவெல்மா

*

ஹூரென் கணவாய்
2013 ஜூன் 23

செவெல்மா,

போன வாரம் அந்தக் கொரியா அம்மாள் மிக்யோங் மறுபடி வந்தாள். எர்தெனே இல்லை. மொழிபெயர்ப்பாளன் மட்டும். நேராக ஹந்தாவின் கெர்ருக்குப் போனாள். கணவாயில் இருக்கும் எல்லோரையும் கூப்பிட்டு அனுப்பினார்கள். அங்கே உட்கார்ந்துதான் மாநாட்டில் நீ செய்ததை நான் கேட்டேன்.

மொழிபெயர்ப்பாளன் சொன்னான்: "திரையில அந்தக் கோட்டை முழுசாப் போட்டாங்க. வெட்டவே இல்லை. கோடு அறுந்த இடத்துல குச்சியை வச்சாங்க. 'இது காத்தோட வேகம் மட்டும் இல்லை. இந்த நேரத்துல இந்தப் பெட்டியைக் காப்பாத்திட்டு வீட்டுக்கு நடந்த மனுஷன் செத்துப்போனாரு. அவரு இருந்ததாவே எங்க அறிக்கையில இல்லை. இந்தக் கணவாயில ஆளுங்க இருக்காங்க. என் அண்ணன் இருக்காரு'ன்னு சொல்லிட்டு செத்தவரோட பேரையும் சொன்னாங்க."

பெயரைச் சொல்லிவிட்டாயா! மாதம்கூட முழுசாக ஆகாத நேரத்தில், அத்தனை பேர் முன்னால்! தொல்கோர் வாயைப் பொத்திக்கொண்டாள். எல்லோரும் ஹந்தாவைப் பார்த்தோம்.

ஹந்தா கேட்டாள்: "சத்தமாச் சொன்னாளா?"

"மைக்குல சொன்னாங்கம்மா."

"அப்பச் சரி" என்றாள். அப்போதுதான் அழுதாள். இத்தனை நாளும் அழாதவள்.

கொரியா அம்மாள் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். பிறகு சொன்னாள்: எர்தெனேயின் கம்பெனியோடு உறவை முறித்துக்கொண்டாளாம். பணத்தை வேறு நாட்டுக்குக் கொண்டுபோகலாம், அது அவளுக்குச் சுலபம். அதற்கு முன்னால் இங்கே இருப்பவர்களைக் கேட்காமல் போக மனம் வரவில்லையாம். வேண்டாம் என்றால் இன்றே கிளம்பிவிடுவதாகச் சொன்னாள்.

நான் எழுந்து நின்றுவிட்டேன். வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். ஹந்தா முந்திக்கொண்டாள்.

"கட்டுங்க."

இடி விழுந்த மாதிரி இருந்தது எனக்கு. "என்ன பேச்சு பேசுற? உன் புருஷனைக் கொன்ன காத்து அது!" என்று கத்திவிட்டேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "காத்து கொல்லலைண்ணே. காத்து எப்பவும் அடிக்கிறதுதான், நாமளும் எப்பவும் ஒதுங்குறதுதான். நகராதேன்னு சொன்னவன்தான் கொன்னான். காவலுக்கு உக்காருறவனுக்கு அடுப்போட ஒரு அறை கட்டச் சொல்லுங்க, போன் கொடுக்கச் சொல்லுங்க. புயல்னா வீட்டுக்குப் போடான்னு சொல்லத் தெரிஞ்ச ஆளை மேலே போடச் சொல்லுங்க. அப்புறம் கட்டட்டும்."

குட்டி போடும் தொழுவங்களுக்கு எதிரே ஒன்றும் நிறுத்தக் கூடாது என்று தொல்கோர் சேர்த்துக்கொண்டாள். என் வீட்டுக்காரியே! ஆளாளுக்குப் பேச ஆரம்பித்தார்கள். கொரியா அம்மாள் எல்லாவற்றையும் கேட்டு எழுதினாள். கடைசியில் கை தூக்கச் சொன்னார்கள். கணவாய் முழுக்கத் தூக்கியது. நான் தூக்கவில்லை. நான் ஒருவன் மட்டும். இன்னும் எனக்கு வேண்டாம்தான். என் மனம் மாறவில்லை, மாறும் என்று நினைக்காதே. ஆனால் என்னைக் கேட்டுவிட்டுத்தான் என்னைத் தோற்கடித்தார்கள். அது வேறு மாதிரி இருக்கிறது. அதைச் சொல்லத் தெரியவில்லை.

கிளம்பும்போது அந்த அம்மாள் உன்னைப் பற்றிக் கேட்டாள். வேலை போய் வீட்டில் இருப்பாள் என்றேன். ஒவ்வொரு கெர்ரிலும் உட்கார்ந்து பேசி, சம்மதம் இருக்கிறதா இல்லையா என்று கேட்க ஆள் வேண்டுமாம். உன்னை அனுப்பச் சொன்னாள். சம்மதமில்லை என்றால் அதையும் அப்படியே எழுதுகிற ஆளாக இருக்க வேண்டுமாம்.

செய்தியைச் சொல்லிவிட்டேன். நான் அழைக்கவில்லை என்பதைக் கவனி.

அனுஜினுக்கு மூச்சு எப்படி இருக்கிறது? அதை ஏன் எழுதுவதில்லை?

யோந்தோன்

*

உலான்பாத்தர்
2013 ஜூலை 2

அன்புள்ள அண்ணா,

வேலை போன அன்று எர்தெனே மறுபடி என் தோளைத் தட்டப் பார்த்தார். விலகிக்கொண்டேன். அன்றிலிருந்து இந்த நகரத்தில் என்னை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. எல்லாம் முடிந்தது என்றுதான் இருந்தேன். உங்கள் கடிதத்தைப் புரேவ் கொடுத்தபோது பிரிக்கவே பயந்தேன். "கட்டுங்க" என்ற இடம் வந்ததும் நிறுத்திவிட்டு, மறுபடி முதலிலிருந்து படித்தேன். ஹந்தா சொன்னதா இது என்று இன்னும் நம்ப முடியவில்லை.

அனுஜினுக்குக் கோடையில் பரவாயில்லை. குளிர்காலம் பிறந்தால் பயம்தான். காற்றாலை எழும்பி, சுழன்று, அந்த மின்சாரம் இங்கே வந்து, ஒரு வீட்டிலாவது கரி அடுப்பு அணைய எத்தனை வருடம் ஆகுமோ. அதற்குள் இவள் பெரிய பெண்ணாகிவிடுவாள். அதனால் அவளையும் கூட்டிக்கொண்டு வருகிறேன்.

நீங்கள் அழைக்கவில்லை, கவனித்தேன். மிக்யோங் அம்மாள் சொன்ன வேலையை ஒப்புக்கொண்டுவிட்டேன். எல்லாக் குடும்பங்களையும் கேட்க வேண்டும். முதலில் உங்களைத்தான் கேட்கப்போகிறேன். வேண்டாம் என்று நீங்கள் சொல்வதை, நீங்கள் சொல்லும் காரணத்தோடு, ஒரு சொல் விடாமல் எழுதிக்கொள்வேன். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் திட்டுங்கள், குறுக்கே பேச மாட்டேன். அதன் பிறகு ஹந்தாவிடம் போகிறேன். அங்கே மட்டும் நீங்கள் என்னோடு வர வேண்டும். தனியாகப் போக எனக்குத் தைரியமில்லை.

வெள்ளிக்கிழமை புரேவின் வண்டியில் கிளம்புகிறோம். சரிவில் இறங்கி நடந்து வருவோம். வெளியாட்கள் கூப்பிடுவது போலத் தள்ளி நின்று, "நாயைப் பிடிச்சுக்குங்க!" என்று கத்துவேன். அனுஜினுக்கு நாய் என்றால் பயம். பிடிப்பதும் பிடிக்காததும் உங்கள் இஷ்டம்.

செவெல்மா